வில்லை

பாபநாசத்திலிருந்து போன் வந்தபோது மணி நாலே கால்.
நாற்பத்தைந்தாயிரம் கன அடி என்றார்கள்.
எழுதிக்கொண்டேன்.
பதினோரு வருடமாகச் செய்திக்குறிப்பு எழுதுகிறேன்,
ஒரு கன அடி எவ்வளவு என்று
கையை விரித்துக் காட்ட எனக்கே தெரியாது.

மைதீன் பிச்சையின் ஆட்டோவில் ஏறினேன்.
கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்,
சீட்டில் பேட்டரி, பேட்டரிக்குக் குடை.
எனக்கு இல்லை.
"கன அடிய விடுங்க மேடம்," என்றான்.
"குறுக்குத்துறை முருகனுக்கு எதுவரைக்கும்னு சொல்லுங்க."

சொன்னேன்.
மண்டபம் முங்கும். கூரைக்கு மேலேயும் தண்ணி ஓடும்.
உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயாச்சு.
சாமியே மேல போயாச்சு, நீங்க ஏன் இன்னும் இருக்கிய?
பள்ளிக்கூடம் திறந்திருக்கு.
ரேஷன் கார்டு, சுகர் மாத்திரை, மறந்திராதிய.
அரசாங்கம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.
சிந்துபூந்துறையில் ஜன்னல்கள் திறந்தன,
பார்த்தன, மூடிக்கொண்டன.

ஐந்தரைக்கு எல்லார் போனிலும் ஒரே குரல்:
அணை உடைஞ்சிட்டாம், அம்பையில இருந்து மச்சான் சொன்னான்.
கூடவே ஒரு வீடியோ,
எந்த நாட்டு அணையோ, கரையில் பனிமரங்கள்.
உடனே மறுத்து அறிவியுங்கள் என்றார் கலெக்டர்.
நனைந்த தாளைப் பார்த்துப் படித்தேன்:
அணை உடையவில்லை.

தமிழில் இல்லை என்பது கடைசியில்தான் வரும்.
அதுவரை அணை உடைந்துகொண்டுதான் இருக்கும்.
"அணை உடைய" என்றபோது
வண்டி முனையில் திரும்பிவிட்டது.
"வில்லை" போய் விழுந்தது அடுத்த தெருவில்,
பூட்டிக் கிடந்த மாவு மில் வாசலில்.
மீதியை ஜனங்களே போட்டுக்கொண்டார்கள்:
போவுது.

ஓடினார்கள்.
ஆட்டைத் தோளில் போட்டு ஒருவர்,
இட்லிக் கொப்பரையைத் தலையில் கவிழ்த்து உலகம்மாள்,
கல்யாண ஆல்பத்தைச் சேலைக்குள் செருகி ஒரு புதுப்பெண்.
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கோமதிநாயகம்
மில் சரிவில் வழுக்கி விழுந்தார்.
அவரைத் தாண்டியும் ஓடினார்கள்.

ஏழு மணி, கொக்கிரகுளம் பாலத்தருகே.
முகத்துக்கு நேரே எட்டு மைக்.
"எத்தனை பேர் பலி?"
இப்போது தெரியாது.
ஒன்பது மணிக்கு இதே இடத்துக்கு வருகிறேன்,
தெரிந்ததைச் சொல்கிறேன்,
தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிறேன்.
ஐந்தாவது நிமிடம் திரையின் அடியில் ஓடியது:
பலி எண்ணிக்கை தெரியாது, அதிகாரி திணறல்.
பாளையங்கோட்டையிலிருந்து என் மகள் அனுப்பினாள்,
ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து.

ஒன்பதுக்குப் போனேன்.
எட்டில் மூன்று மைக்தான் மிச்சம்.
ஒருவர், என்றேன்.
பெயர் முதலில் அவர் வீட்டுக்கு, பிறகு உங்களுக்கு.
ரெஜினால்ட் மட்டும் கேமராவைத் தாழ்த்தினான்.
"அடுத்து எப்போ மேடம்?"
பதினொன்று.
பதினொன்றுக்கும் போனேன்.

அணை உடையவில்லை.
மதகுகளை இன்னும் உயர்த்தினார்கள், அவ்வளவுதான்.
ராத்திரி இரண்டு மணிக்குச் சிந்துபூந்துறையில்
ஜன்னலுக்கு மேல் தண்ணீர்.
வீடுகளில் ஒருவரும் இல்லை.

விடிந்ததும் பள்ளிக்கூடத்தில்
உலகம்மாள் கடுங்காப்பி டம்ளரைக் கையில் திணித்தாள்.
"மொதல்ல நீங்க சொன்னதுக்கு நாங்க அசையல தாயி.
அணை உடையப் போவுதுன்னியள்லா,
அப்பதான் கிளம்புனோம்."
"நான் அப்படிச் சொல்ல..."
மிச்சத்தைக் காப்பியோடு விழுங்கினேன்.
நல்ல சூடு.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், மூன்றாவது கட்டில்.
இடுப்பெலும்பு என்றார்கள்.
கோமதிநாயகம் என் குரலைக் கேட்டதும்
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
அறிக்கையில்
தப்பாகக் கேட்டதால் பிழைத்தவர்களுக்குக் கட்டம் இல்லை,
தப்பாகக் கேட்டதால் விழுந்தவருக்கும் இல்லை.
காயம்: ஒன்று, என்று எழுதினேன்.

இந்த ஐப்பசியில் மறுபடி போன்.
தாளில் முதல் சொல்லாகப் பொய் என்று எழுதி,
அதன் கீழே வதந்தியை எழுதினேன்.
வாய் திறக்கப் போனேன்.
மைதீன் பிச்சை இன்ஜினை அணைத்தான்,
சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டான்.
"முடிங்க மேடம்.
முடிச்சாத்தான் எடுப்பேன்."